பெரிலூனும் மூன்றாம் ஓலையும்

கூடலூரில் லூர்து மேரியிடம் யாரும் கதை அளப்பதில்லை. அளந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பால் ஊற்றும் ராக்கப்பன் மற்ற வாசல்களில் ஊற்றிய கையோடு கிளம்பிவிடுவார். இவள் வாசலில் மட்டும், இவள் பாலில் விரலை விட்டு, நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்து, “சரி, போங்க” என்று சொல்லும்வரை சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். பூசையில் காணிக்கைத் தட்டு வந்தால், தன் காணிக்கையைப் போடுவதைவிடத் தட்டை ஏந்தி வருகிறவன் விரல்களைக் கவனிப்பதில்தான் அவளுக்குப் பக்தி அதிகம். வயிற்றுவலி என்று லீவு கேட்கும் பெண்ணிடம் எந்தப் பக்கம் வலி என்று கேட்பாள். சற்றுக் கழித்து மறுபடியும் அதையே கேட்பாள். பக்கம் மாறியிருந்தால் லீவு கிடையாது.

அவளுக்கு ‘ஈரத்துணி’ என்று ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவள் ஏலக்காய் ஸ்டோரில் சூப்பர்வைசர். குமுளிக்கு மேலே தோட்டங்களில் விளைகிற காய் ஜீப்பில் இறங்கி அங்கே வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெடித்த காய், கருத்த காய், பிஞ்சு என்று பொறுக்கித் தள்ளுவார்கள். வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் கொண்டுவரும் மகராசன்களும் உண்டு. அவர்களுக்காகவே லூர்து மேரி இடுப்பில் ஒரு வெள்ளைத் துணியைச் செருகியிருப்பாள்; கோயிலுக்குப் போனாலும் அது இடுப்பில்தான். அதைத் தண்ணீரில் நனைத்து, ஒரு கைப்பிடிக் காயை வைத்துக் கசக்கி, விரித்துப் பார்ப்பாள். துணி வெள்ளையாகவே இருந்தால் மூட்டை உள்ளே போகும். பச்சை ஒட்டியிருந்தால் வந்த ஜீப்பிலேயே திரும்பும். கொண்டுவந்தவன் சத்தியம் செய்வான், பெற்ற பிள்ளைகள் மேல் ஆணையிடுவான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

“விக்க வந்தவன்கிட்டயே சரக்கு நல்லதான்னு கேப்பாகளா? துணிதான் சொல்லணும்” என்பாள்.

இது அவளுடைய முதல் சட்டம். இரண்டாவது சட்டம் இன்னும் கறாரானது. ஒரே சரக்குக்கு இரண்டு பெயர் சொல்கிறவனை வாசற்படி ஏற்றக் கூடாது. காலையில் ஒரு தோட்டத்துக் காய் என்றும் மத்தியானம் இன்னொரு தோட்டத்துக் காய் என்றும் ஒருவன் சொன்னால், அது அந்த இரண்டு தோட்டத்துக் காயும் இல்லை என்பது அவள் கணக்கு.

இந்த இரண்டாவது சட்டத்தை அவள் ஏலக்காயிடம் கற்கவில்லை, புருஷனிடம் கற்றாள். வின்சென்ட் பெண் கேட்டு வந்தபோது வண்டன்மேட்டில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர் வேலை என்றான். நிச்சயதார்த்தத்தன்று அதே வாய் நெடுங்கண்டம் என்றது. இரண்டையும் அவள் கேட்டாள். கல்யாணப் பெண் வாயைத் திறக்கலாமா என்று சும்மா இருந்துவிட்டாள். கோயிலில் ஓலை வாசித்தார்கள். கத்தோலிக்க வேதக்காரர்கள் மத்தியில் அது வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசை முடிவில் படிப்பார்கள். மூன்று ஞாயிறும் யாரும் வரவில்லை. அவனுக்கு எந்த எஸ்டேட்டிலும் வேலை கிடையாது என்பது மலைக்கு ஓடுகிற ஜீப் டிரைவர்கள் சிலருக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே, நமக்கென்ன வந்தது என்று அவர்களும் பூசை முடிந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். மகள் மெர்லின் நடை பழகிய சமயத்தில் வின்சென்ட் ஒருநாள் குமுளி பஸ் ஏறினான். இன்றுவரை திரும்பவில்லை.

“தெரிஞ்சவுக அங்கன உக்காந்துதான இருந்தாக. ஒரு ஆளுக்காச்சும் எந்திரிச்சுச் சொல்ல வாய் இல்லையே” என்று இப்போதும் சொல்வாள். வின்சென்ட் மீது இருந்த கோபம் கூட ஆறிவிட்டது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் மீதுள்ள கோபம் ஆறவே இல்லை. நமக்கு அவள்மேல் ஆத்திரம் வருகிற இடங்கள் பின்னால் வரும். அப்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மெர்லின் வளர்ந்து, படித்து, பழனிசெட்டிபட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் எழுதித் தரும் வேலைக்குப் போனாள். மாப்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அவர்களும் ஜீப்பில் இறங்கிய மூட்டைகள்தானே. கம்பத்திலிருந்து வந்த முதல் மாப்பிள்ளை சொந்தக் கடை என்றான். லூர்து மேரி போய்ப் பார்த்தாள், போர்டில் வேறு பெயர் இருந்தது. அண்ணன் பெயரில் கடை என்று அவர்கள் விளக்கம் சொல்லும் முன்பே உறவு முறிந்தது. இரண்டாவது வந்தது கிளாராவின் மகன் விஜய்ராஜ். கிளாரா இவளிடம் வேலை பார்ப்பவள், ஸ்டோரில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். லூர்து மேரி திருப்பூருக்கே பஸ் ஏறி, விஜய்ராஜ் வேலை செய்யும் கம்பெனி வாட்ச்மேனிடம் விசாரித்தாள். அப்படி ஒரு ஆளே கிடையாது என்றான் வாட்ச்மேன். அந்த வாட்ச்மேன் முந்தாநாள்தான் வேலைக்குச் சேர்ந்தவன் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் விஜய்ராஜுக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். கிளாரா பெரிய மனசுக்காரி. “விடுங்க மதினி, அவனுக்கு எழுதினது அங்கன” என்று சொல்லிவிட்டு மறுநாளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மெர்லின் அப்படி விடவில்லை. பிரான்சிஸைப் பற்றி அம்மாவிடம் சொன்ன அன்றே கண்டிஷனையும் சொல்லிவிட்டாள்.

“இந்தத் தடவ நீ எங்கயாச்சும் போயி நோண்டுனேன்னு தெரிஞ்சா, நான் இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்மா. அவரப் பத்தி என்ன தெரியணுமோ அவர்கிட்டயே கேளு.”

“சரித்தா” என்றாள் லூர்து மேரி. விற்க வந்தவனிடமே கேட்கச் சொல்கிறாளே என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிரான்சிஸ் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பையன். கண்ணாடி மாற்ற வந்த இடத்தில் மெர்லினைப் பார்த்தவன். குடும்பத்தில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே லூர்து மேரிக்கு உறுத்தலாக இருந்தது. பெங்களூரில் வேலை. அது என்ன வேலை என்பதுதான் பிடிபடவில்லை. நிலாவுக்குக் கலம் கிளம்பிய அந்த ஜூலையில், அம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தான்.

“என்ன வேலைங்க தம்பி?”

“நிலாவுக்குப் போற கலம் எந்தப் பாதையில சுத்துதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்குற வேலைம்மா.”

“இப்ப டிவில காமிக்கிறாகளே, அத நீங்கதான் விட்டீகளா?”

“ஐயோ, இல்லம்மா. அது கவர்மெண்டு விட்டது. நாங்க சின்ன கம்பெனி. வெளிய சொல்ற தகவல வச்சு நாங்களும் கணக்குப் போட்டுப் பாப்போம். நாளைக்கு வேற ஆளுக கலம் விட்டா எங்களுக்கு அந்த வேலை கிடைக்கும்.”

விட்டது இவன் இல்லையாம், பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் இவனாம். வின்சென்ட்டும் எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ரோட்டில் நின்று. லூர்து மேரி முகத்தில் எதையும் காட்டாமல் காராச்சேவுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். பையன் உற்சாகமாகி, தட்டைச் சுற்றி விரலால் நீள்வட்டம் போட்டுக் காட்டினான்.

“அது வட்டமாச் சுத்தாதும்மா, முட்டை கணக்கா நீட்டமாச் சுத்தும். ஒரு எடத்துல பூமிக்குக் கிட்ட வரும், இன்னொரு எடத்துல ரொம்பத் தூரம் போயிரும். கிட்ட வர்ற எடத்துக்குப் பேரு பெரிஜி. நான் பாக்குறது அந்த எடத்தத்தான்.”

பெரிஜி. அவள் அந்தச் சொல்லை வாங்கி மனசில் முடிந்துகொண்டாள்.

ஆகஸ்டில் முதல் ஓலை வாசித்தார்கள். செப்டம்பரில் மாதா திருநாள் கழித்துக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அன்று மாலை பிரான்சிஸ் போன் செய்தான். அம்மாவும் கேட்கட்டும் என்று மெர்லின் ஸ்பீக்கரில் போட்டாள். அவன் குரலே களைத்திருந்தது.

“இந்த வாரம் பூரா பெரிலூன்தான் மெர்லின். கிட்ட வர்ற அந்த எடத்தப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. பவர மாத்திக் குடுத்துரு.”

மெர்லின் சிரித்தாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த லூர்து மேரியின் கை நின்றது. கிட்ட வருகிற இடம் போன மாதம் பெரிஜி. இந்த மாதம் பெரிலூன். போன மாதம் வண்டன்மேடு. இந்த மாதம் நெடுங்கண்டம்.

அவனிடமே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நீங்களும் நானும் கேட்டிருப்போம். அவள்தான் விற்க வந்தவனிடம் கேட்பதில்லையே. நேராகச் சின்னப்பராஜ் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அவர் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார், ஊரில் எந்தச் சந்தேகத்துக்கும் பதில் உள்ளவர். தெரியாது என்ற சொல்லை அவர் சர்வீஸ் முழுவதும் உபயோகித்ததில்லை.

“சுத்தி வர்றப்ப ரொம்பக் கிட்ட வர்ற எடத்துக்கு என்ன பேருங்க சார்?”

“பெரிஜி. பாடத்துலயே இருக்கு.”

“பெரிலூன்னு சொல்லுவாகளா?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படி ஒண்ணு கிடையாதும்மா. இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?”

லூர்து மேரி கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். துணியில் பச்சை ஒட்டிவிட்டது. இனி மூட்டையைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எப்படித் திருப்புவது? வேண்டாம் என்று வாயைத் திறந்தால், நோண்டியது தெரியும். நோண்டியது தெரிந்தால் மகள் போய்விடுவாள். சொல்லாமல் இருந்தால் மகளும் தன்னைப் போல ஒரு பொய்யனுக்குக் கழுத்தை நீட்டுவாள். சூடுபட்ட பூனையாயிற்றே, அவளுக்கு மூன்றாவதாக ஒரே ஒரு வழிதான் தோன்றியது. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கலைந்த பிறகு சாமியாரின் அறைக் கதவைத் தட்டினாள்.

“ஒரு கல்யாணத்துக்குத் தடை சொல்லணும் சாமி.”

“யார் கல்யாணத்துக்கு?”

“எம் மகளுக்கு.”

சாமியார் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. முழுவதையும் கேட்டார். “அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தீங்களாம்மா?” என்றார்.

“பொய் சொல்ல வந்தவுக கேட்டா நெசத்தச் சொல்லிருவாகளா சாமி? எங் கல்யாணத்துக்கு ஓலை வாசிச்சப்ப யாரும் வாயத் தொறக்கல. அது எங்கன கொண்டு வந்து விட்டுச்சுன்னு ஊருக்கே தெரியும். நான் சொன்னேன்னு மட்டும் எம் மகளுக்குத் தெரியக் கூடாது.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். விசாரிக்கிறேன், அதுவரை மூன்றாம் ஓலையை நிறுத்திவைக்கிறேன், பெயர் வெளியே வராது என்றார். லூர்து மேரி வெளியே வந்தபோது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஊர் செய்யாத வேலையைத் தான் செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்தது. சாமியார் அறிவிப்புகளைப் படித்தார். தெருக்காரர்கள் கூடும் அன்பியக் கூட்டம், பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு, சப்பரத்துக்கு நன்கொடை. ஓலை வாசிக்கவில்லை. இந்த ஊரில் ஓலை வாசித்தால் பாதிப்பேர் காதில் வாங்க மாட்டார்கள். வாசிக்காமல் விட்டால் அத்தனை பேருக்கும் கேட்கும். பெஞ்சுக்குப் பெஞ்சு தலைகள் திரும்பின. மெர்லின் சாமியார் அறைக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாள். யாரோ தடை சொல்லியிருக்கிறார்கள், யார் என்று சொல்ல மாட்டாராம்.

தாயைப் போலப் பிள்ளை. மெர்லினும் உடனே சந்தேகப்பட ஆரம்பித்தாள். யாருக்கு வயிற்றெரிச்சல் இருக்கும், யார் மகனுக்குக் கொடுக்காமல் போனோம் என்று அவள் கண் கூட்டத்தில் தேடியது. கோயில் வாசலில், வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கிளாராவிடம் போய் நின்றாள்.

“எம்மேல என்ன கோவம் அத்தை உங்களுக்கு? விஜய்ராஜ வேண்டாம்னு சொன்னது நானா?”

“என்னத்தா சொல்ற?”

“தடை சொன்னது நீங்கதான? வேற யாருக்கு என்ன இருக்கு?”

கிளாரா மாதா மேல் சத்தியம் செய்தாள். கூடி நின்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். செய்யாதவள் எதற்கு இவ்வளவு அழுகிறாள் என்றார்கள். அழாமல் இருந்திருந்தால், செய்தவளுக்குத்தான் அழுகை வராது என்றிருப்பார்கள். லூர்து மேரி மகள் கையைப் பிடித்து, “வாத்தா, வீட்டுக்குப் போவோம்” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். திங்கட்கிழமை ஸ்டோரில் பெண்கள் தங்கள் பாயைக் கிளாராவிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். டீ கொண்டுவரும் ஜக்கம்மா அவளுக்கு ஊற்றாமல் தாண்டிப் போனாள். கிளாரா தலைநிமிராமல் மத்தியானம்வரை காய் பொறுக்கினாள். பிறகு லூர்து மேரியிடம் எழுந்து வந்தாள்.

“மதினி, உங்களுக்கு எதுலயும் சந்தேகம் வரும். பாலு, பருப்பு, சாமி படம் எதையும் விட மாட்டீக. நெசமாச் சொல்லுங்க, எம்மேல சந்தேகம் இருக்கா?”

உலகத்தில் கிளாரா மீது சந்தேகமே இல்லாத ஒரே ஆள் லூர்து மேரிதான்.

“வேலையப் பாரு கிளாரா” என்றாள்.

அந்த வாரம்தான் கலம் நிலாவில் இறங்கியது. ஸ்டோரில் டிவியைப் போட்டுவிட்டு எல்லாரும் நின்று பார்த்தார்கள். திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கை தட்டினார்கள். லூர்து மேரி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிரான்சிஸ் அதில் இல்லை. அது கவர்மெண்டு விட்டது என்று அவன் முதல் நாளே சொல்லியிருந்தான். இருந்தாலும் அவன் இல்லாதது அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. தான் செய்தது சரி என்பதற்கு அப்போது அவளுக்கு எந்தத் துரும்பும் போதும்.

சனிக்கிழமை சாமியார் மெர்லினையும் அவளையும் வரச் சொன்னார். அறையில் பிரான்சிஸ் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் வந்து இறங்கிய கசங்கல் சட்டையிலேயே தெரிந்தது.

“இவர் கம்பெனியில பேசிட்டேன். எங்க சபைச் சாமியார் ஒருத்தர் அங்க நேர்லயே போய்ப் பாத்துட்டும் வந்துட்டார். வேலையெல்லாம் உண்மைதான்” என்றார் சாமியார். “ஆனா புகார் சொன்னவங்களுக்கு ஒரு சந்தேகம். கிட்ட வர்ற இடத்துக்கு ஜூலையில பெரிஜின்னு சொன்னாராம், ஆகஸ்ட்ல பெரிலூன்னு மாத்திட்டாராம். தம்பி, அதை நீங்களே சொல்லிருங்க.”

பிரான்சிஸ் மேஜைமேல் விரலால் ஒரு நீள்வட்டம் போட்டான். “மாத்தினது நான் இல்ல சாமி. கலம்தான் எடம் மாறிருச்சு. ஜூலையில அது பூமியச் சுத்திட்டு இருந்துச்சு. பெரின்னா பக்கத்துல. பூமிக்குப் பக்கத்துலன்னா பெரிஜி. ஆகஸ்ட்ல அது பூமிய விட்டுட்டு நிலாவச் சுத்த ஆரம்பிச்சிருச்சு. நிலாவுக்குப் பக்கத்துலன்னா பெரிலூன், தூரத்துலன்னா அப்போலூன். எதச் சுத்துதோ அதோட பேரு வந்து ஒட்டிக்கும்.”

“நான் திண்டுக்கல்ல ஒரு காலேஜ் சிநேகிதரையும் கேட்டேன். அவர் பெரிசெலீன்னு சொன்னார்” என்றார் சாமியார்.

“அதுவும் அதேதான் சாமி. முன்னாடி அப்பிடியும் எழுதியிருக்காங்க. கிரேக்கத்துல செலீன்னாலும் நிலாதான்.”

“அப்ப ஒரே எடத்துக்கே ரெண்டு பேரா?” லூர்து மேரியின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

சாமியார் அவளைப் பார்த்தார். “ஏம்மா, வேளாங்கண்ணியில நின்னா ஆரோக்கிய மாதா. லூர்துல காட்சி குடுத்தா லூர்து மாதா. உங்களுக்கு வச்ச பேரே அதுதானே. ரெண்டு பேர் இருக்குன்னு ரெண்டு மாதாவா ஆயிருவாங்களா?”

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வந்ததையும் லூர்து மேரி பார்த்திருக்கிறாள், ஒரே சரக்கு இரண்டு பெயரில் வந்ததையும் பார்த்திருக்கிறாள். பெயர் மாறியும் சரக்கு நல்லதாக இருந்து இன்றுதான் பார்க்கிறாள்.

“அந்த இடத்தையே ஏன் தம்பி பாத்துட்டு இருக்கணும்?” என்று சாமியார் கேட்டார். பேச்சை மாற்றத்தான் கேட்டிருப்பார்.

“அங்க வர்றப்பதான் சாமி வேகம் ரொம்பக் கூடுதல். கிட்ட வந்த அந்த நேரத்துல பிரேக் போட்டாத்தான் அது நிலாவோட நிக்கும். விட்டுட்டா தாண்டிப் போயிரும். அப்புறம் கூப்பிட்டாலும் வராது.”

மெர்லின் இது எதையும் கேட்கவில்லை. அவள் நெற்றி சுருங்கியிருந்தது. ஜூலையில் சொன்னதும் ஆகஸ்டில் சொன்னதும் யாருக்குத் தெரியும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள்.

“அம்மா, அந்த ரெண்டு வார்த்தையும் கேட்டது நம்ம வீட்டுல நீயும் நானும்தான. நீ ஸ்டோர்ல யார்ட்டயாச்சும் சொன்னியா? கிளாரா அத்தைட்ட சொன்னியா?”

மகள் தப்பிக்க வழி காட்டித்தான் கேட்டாள். அம்மா உளறியிருப்பாள், அவ்வளவுதான் என்று நம்பவே அவள் மனசு விரும்பியது. சாமியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். வாக்குக் கொடுத்தவர், அவர் பேச முடியாது.

லூர்து மேரியின் தலை ஆடியது. “பேச்சுவாக்குல சொல்லிருப்பேன்த்தா.”

“நெனச்சேன்” என்றாள் மெர்லின்.

பிரான்சிஸ் மட்டும் லூர்து மேரியை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஊரெல்லாம் பொய்யைக் கசக்கிப் பிடித்தவள், முதன்முதலாகத் தானே ஒரு கைப்பிடிக்குச் சாயம் ஏற்றிவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வந்தாள். வீடு வரும்வரை மெர்லின் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். லூர்து மேரிக்கு ஒரு வார்த்தை கூட ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. நின்றுபோன ஓலையை வாசிக்கப் போகிறார்கள் என்று எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பூசை முடிந்து சாமியார் தாளை எடுத்தார். சுருளிப்பட்டி பிரான்சிஸுக்கும் கூடலூர் மெர்லினுக்கும் திருமண அறிவிப்பு, மூன்றாம் முறை. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று அவர் சொன்னதும், ஒருவர் சொல்லாமலே கோயில் முழுவதும் திரும்பியது. கடைசி பெஞ்சில் கிளாரா தனியாக உட்கார்ந்திருந்தாள். அத்தனை கண்ணும் தன்மேல் விழுந்ததும், முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

லூர்து மேரி அதைப் பார்த்தாள். தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களை அவள் இத்தனை வருஷமாகத் திட்டியிருக்கிறாள். இன்று இந்தக் கோயிலில் தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது யார்? எழுந்தால் மகள் போய்விடுவாள். எழாவிட்டால் மகள் கூடவே இருப்பாள், இந்தப் பொய்யோடு. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“சாமி.”

சாமியார் தாளைத் தாழ்த்தினார்.

“தடை ஒண்ணும் இல்ல. பையன் நல்ல பையன். முன்ன தடை சொன்னது கிளாரா இல்ல, நான்தான். அவ மேல பழி விழுறதப் பாத்துக்கிட்டே சும்மா இருந்தேன். நேத்து அவட்ட சொன்னேன்னு எம் மகட்ட சொன்னதும் பொய்.”

இவ்வளவையும் சொல்லிவிட்டு உட்காரவும் தோன்றாமல் நின்றாள். சாமியார் சிலுவை வரைந்து எல்லாரையும் அனுப்பினார்.

வேப்பமரத்தடியில் கிளாரா அவளைக் கடந்து போனாள். சற்று நின்றாள். கண் சிவந்திருந்தது, குரலில் கோபம் இல்லை.

“நாளைக்கு ஸ்டோருக்கு வருவேன் மதினி. உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்.”

“சரி கிளாரா” என்றாள் லூர்து மேரி.

மெர்லின் படியில் நின்றுகொண்டிருந்தாள். பிரான்சிஸ் அவள் காதில் ஏதோ சொன்னான், அவள் தலையை அசைத்து மறுத்தாள். பிறகு இறங்கி வந்து முதலில் கிளாராவின் பின்னால் ஓடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ பேசினாள். வெகுநேரம் பேசினாள். லூர்து மேரி வெயிலில் நின்றபடி, இனி இந்தப் பக்கம் வருவாளா, அப்படியே போய்விடுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மெர்லின் வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“நீ என்ட்ட கேட்ருக்கலாம்லம்மா. ஒரு வார்த்தை.”

“கேக்கத் தெரியலத்தா எனக்கு.”

மெர்லின் அம்மாவின் இடுப்பிலிருந்து அந்த வெள்ளைத் துணியை உருவினாள். அம்மாவின் கன்னத்தில் அழுத்தி, இரண்டு பக்கமும் துடைத்தாள். பிறகு, ஸ்டோரில் அம்மா செய்வதைப் போலவே, துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது, வெறும் ஈரம்.

“சரி, வா” என்றாள்.

துணியை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதை அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.